வளரும் மூளையும் கஞ்சாவும்: குடும்பத்தினர் அறிய வேண்டியவை

கஞ்சாவைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் காவல்துறை, வழக்கு, பறிமுதல் ஆகியவற்றோடு நின்றுவிடுகிறது. மருத்துவர் முதலில் கேட்கும் கேள்வி வேறு: "எந்த வயதில் தொடங்கியது?" நாற்பது வயதில் ஒருவர் கஞ்சா புகைப்பதும், பதினான்கு வயதுச் சிறுவன் புகைப்பதும், கருவுற்ற பெண்ணின் வழியாக அது சிசுவை அடைவதும் ஒரே நிகழ்வு அல்ல. பொருள் ஒன்றே; அது சென்று சேரும் மூளையின் பருவம் வேறு. அந்த வேறுபாட்டை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கெலவரப்பள்ளியும் அதைச் சுற்றிய ஊர்களும் மாநில எல்லையில் அமைந்தவை. ஒரு பக்கம் ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டைகள், மறுபக்கம் ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, அதற்கப்பால் பெங்களூரு. தாயும் தந்தையும் வெவ்வேறு ஷிப்டுகளில் வேலைக்குச் செல்லும் வீடுகள் இங்கே ஏராளம். பள்ளி முடித்த கையோடு ஐ.டி.ஐ.யிலோ பயிற்சித் தொழிலாளியாகவோ சேர்ந்து, வாடகை அறையில் நண்பர்களுடன் தங்கும் பதினேழு வயது இளைஞர்களும் ஏராளம். பிள்ளையின் மாற்றத்தை அருகிலிருந்து கவனிக்க ஆளில்லாத சூழல் இது.

மத்திய அரசின் சமூக நீதி அமைச்சகத்துக்காக டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் போதைச் சிகிச்சை மையம் நடத்திய தேசியக் கணக்கெடுப்பு 2019ஆம் ஆண்டு வெளியானது. முந்தைய ஓராண்டில் இந்தியாவில் சுமார் 3.1 கோடிப் பேர் பாங்கு, கஞ்சா, சரஸ் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றைப் பயன்படுத்தியதாக அது மதிப்பிட்டது. அவர்களுள் ஏறத்தாழ 20 லட்சம் பேர் 10 முதல் 17 வயதுக்கு உட்பட்டவர்கள். ஆகவே, இது நம் வீட்டுக்கு மட்டும் வந்த அவமானம் என்று எந்தப் பெற்றோரும் எண்ண வேண்டியதில்லை.

மூளையின் சொந்த "ஆனந்தம்"

கஞ்சாச் செடியில் போதையை உண்டாக்கும் முதன்மையான வேதிப்பொருளின் சுருக்கப் பெயர் டி.எச்.சி. இஸ்ரேலிய வேதியியலாளர் ரஃபேல் மெக்கூலம் தம் சக ஆய்வாளர் யெகியேல் கவோனியுடன் இணைந்து 1964ஆம் ஆண்டு அதைப் பிரித்தெடுத்து அதன் அமைப்பை விளக்கினார். ஒரு செடியின் பொருள் மனித மனத்தை ஏன் மாற்றுகிறது என்பதற்கான விடை 1988இல் கிடைத்தது. மூளையின் நரம்பணுக்களில் டி.எச்.சி. வந்து பொருந்தும் ஏற்பிகள் இருப்பதை அமெரிக்க ஆய்வாளர் அலின் ஹௌலெட்டின் குழுவினர் கண்டறிந்தனர். பூட்டுக்குச் சாவி பொருந்துவதுபோல் டி.எச்.சி. அந்த ஏற்பியில் பொருந்துகிறது.

கஞ்சாவுக்காக மூளையில் பூட்டு இருக்கக் காரணமில்லை. அப்படியானால், உடலே உருவாக்கும் சொந்தச் சாவி ஒன்று இருக்க வேண்டும். அது 1992இல் மெக்கூலத்தின் ஆய்வகத்தில் கண்டறியப்பட்டது. "ஆனந்தம்" என்னும் வடசொல்லைக் கொண்டு அதற்கு "ஆனந்தமைடு" என்று பெயரிட்டனர். பசி, உறக்கம், நினைவு, அச்சம், வலி ஆகியவற்றை அளவோடு வைத்திருப்பதில் இதற்குப் பங்குண்டு. ஒரு நரம்பணு மற்றொன்றுக்கு அனுப்பும் செய்தி மிகையாகும்போது, "போதும்" என்று பின்னோக்கிச் சொல்லி அடக்குவதே இதன் முக்கியப் பணி. தேவையான இடத்தில், தேவையான நொடியில் சுரந்து, உடனே சிதைந்துவிடும்.

டி.எச்.சி. அவ்வாறு நடந்துகொள்வதில்லை. ஒரே நேரத்தில் மூளை முழுவதும் பரவி, மணிக்கணக்கில் அந்த ஏற்பிகளைப் பற்றிக்கொள்கிறது. கொழுப்பில் கரையும் தன்மை கொண்டதால், நாள்தோறும் பயன்படுத்துவோரின் உடலில் பல வாரங்கள் தங்குகிறது. முழுவளர்ச்சி பெற்ற மூளையில் இது ஓர் இடையூறு. கட்டப்பட்டுக்கொண்டிருக்கும் மூளையிலோ, கட்டுமானப் பணிக்கு இடையே தவறான உத்தரவுகள் வந்து குவிவதற்கு ஒப்பானது. ஏனெனில் நரம்பணுக்கள் எங்கே செல்ல வேண்டும், எவற்றோடு இணைய வேண்டும் என்பதை வழிநடத்துவதிலும் இதே ஏற்பிகளுக்குப் பங்குண்டு.

கருவறையில்

மனிதக் கருவின் மூளையில் 14ஆம் வாரத்திலேயே இந்த ஏற்பிகள் கண்டறியப்பட்டுள்ளன. தாய் புகைத்தாலும் உண்டாலும் டி.எச்.சி. நச்சுக்கொடியைக் கடந்து சிசுவின் இரத்தத்தில் கலக்கிறது. கருவுற்ற காலத்தில் கஞ்சா பயன்படுத்திய தாய்மாரின் குழந்தைகள் எடை குறைந்து பிறப்பதற்குப் போதிய சான்றுகள் இருப்பதாக அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்கள் 2017ஆம் ஆண்டு அறிக்கையில் தொகுத்துரைத்தன.

நடத்தையில் ஏற்படும் விளைவு உடனே தெரிவதில்லை. கனடாவின் ஒட்டாவா நகரில் பீட்டர் ஃபிரைட் என்னும் உளவியலாளர் 1978இல் ஓர் ஆய்வைத் தொடங்கினார். கருவுற்ற பெண்களைப் பதிவுசெய்து, பிறந்த குழந்தைகளை இளமைப் பருவம்வரை தொடர்ந்து கவனித்தார். மழலைப் பருவத்தில் பெரிய வேறுபாடு தென்படவில்லை. பொதுவான அறிவுத்திறனும் குறையவில்லை. ஆனால் பள்ளிப் பருவத்தில், கவனத்தை நிலைநிறுத்துதல், திட்டமிட்டுச் செயல்படுதல் ஆகியவற்றில் வேறுபாடுகள் வெளிப்பட்டன. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் நான்சி டே நடத்திய இணையான ஆய்விலும், பத்து வயதுக் குழந்தைகளிடம் மிகைத் துறுதுறுப்பும் கவனச் சிதறலும் கூடுதலாகக் காணப்பட்டன.

நம் கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்குவதைக் கண்டவர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது எளிது. தென்பெண்ணையில் கழிவு கலப்பது மேலே பெங்களூருப் பகுதியில். அங்கே அமைதியாக ஓடிவரும் நீர், மதகைத் தாண்டி விழும்போதுதான் நுரைத்துக் காட்டுகிறது. அதுபோல், கருவில் கலந்தது பள்ளிக்கூடத்தின் சுமை ஏறும்போதுதான் தன்னைக் காட்டுகிறது. "குழந்தை நன்றாகத்தானே பிறந்தது" என்பது ஆறுதல் தரும். ஆனால் அத்துடன் கவனிப்பை நிறுத்திவிடக் கூடாது.

இதைப் படிக்கும் கர்ப்பிணி எவரேனும் முன்பே கஞ்சாவையோ பாங்கு கலந்த தின்பண்டத்தையோ உட்கொண்டிருந்தால், அஞ்சி மறைக்க வேண்டாம். மகப்பேறு மருத்துவரிடம் சொல்லுங்கள். இன்று நிறுத்தினாலும் எஞ்சிய மாதங்கள் சிசுவுக்குப் பயன் தரும். மசக்கை வாந்திக்கு இது நல்லது என்று யாரேனும் கூறினால் ஏற்க வேண்டாம். கர்ப்பிணிகளுக்குப் பாதுகாப்பான வாந்தித் தடுப்பு மருந்துகள் உள்ளன. கணவர் புகைப்பவராயின், வீட்டுக்குள் புகைக்காதிருப்பதும் கைவிட முயல்வதும் அவர் பொறுப்பு.

தாய்ப்பாலும் வீட்டில் கிடக்கும் சாக்லேட்டும்

டி.எச்.சி. தாய்ப்பாலிலும் கலக்கிறது. 50 தாய்மாரின் பாலை ஆராய்ந்து 2018இல் வெளியிடப்பட்ட ஆய்வில், பயன்படுத்திய பின் ஆறு நாள்வரைகூட அது பாலில் இருப்பது தெரிந்தது. ஆகவே, "இன்றைய பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டு நாளை ஊட்டலாம்" என்பது பயனற்ற வழி. பாலூட்டும் காலம் முழுவதும் தவிர்ப்பதே வழி. அதே வேளையில் தாய்ப்பாலைத் தாமாக நிறுத்திவிடவும் கூடாது. மருத்துவரைக் கலந்து முடிவு செய்யுங்கள்.

மற்றோர் ஆபத்தும் உண்டு. சாக்லேட் வடிவிலான கஞ்சா தமிழகத்தின் தொழில்நகரங்களில் பலமுறை பறிமுதல் செய்யப்பட்டுள்ளது. பெரியவர் ஒருவர் தமக்கென வைத்திருப்பதை, மிட்டாய் என்று எண்ணி மூன்று வயதுக் குழந்தை தின்றுவிடலாம். பெரியவருக்கு மயக்கம் தரும் அளவு, சிறு குழந்தைக்கு ஆழ்ந்த நினைவிழப்பையும் மூச்சுத் தளர்ச்சியையும் உண்டாக்கக்கூடும். காரணமின்றிக் குழந்தை தள்ளாடினாலோ, கண் சொருகினாலோ, எழுப்பினாலும் எழாவிட்டாலோ உடனே 108ஐ அழையுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். தின்ற பொருளின் உறையைக் கையோடு கொண்டுவாருங்கள். என்ன தின்றது என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்வது குழந்தையைத் தேவையற்ற பல சோதனைகளிலிருந்து காப்பாற்றும்.

பதின்பருவம்: மூளையின் கவாத்துக் காலம்

ஓசூர் வட்டாரத்து ரோஜா விவசாயிகள் கவாத்தின் அருமையை அறிவார்கள். பிப்ரவரி மாதச் சந்தைக்குப் பூ வேண்டுமாயின், எந்த வாரம் வெட்டுவது, எந்தக் கிளையை விடுவது என்று முன்கூட்டியே கணக்கிடுகிறார்கள். காலம் தவறியோ கிளை தவறியோ வெட்டினால் செடி செத்துவிடாது. ஆனால் அந்தப் பருவத்துப் பூவின் அளவும் தரமும் மாறிவிடும்.

மனித மூளையிலும் ஒரு கவாத்து நடக்கிறது. குழந்தைப் பருவத்தில் நரம்பணுக்களுக்கு இடையே தேவைக்கும் மிகுதியான இணைப்புகள் உருவாகின்றன. பன்னிரண்டு வயதை ஒட்டித் தொடங்கி, பயன்படாத இணைப்புகள் களையப்பட்டு, பயன்படுபவை உறுதிப்படுத்தப்படுகின்றன. இப்பணி மூளையின் பின்பகுதியில் தொடங்கி முன்பகுதியில் முடிகிறது. நெற்றிக்குப் பின்னால் அமைந்த முன்மூளைப் புறணி இறுதியாக, ஏறத்தாழ 25 வயதில்தான் முதிர்ச்சி அடைகிறது. பின்விளைவை எண்ணிப் பார்த்தல், ஆசையை அடக்குதல், கவனத்தை ஒருமுகப்படுத்துதல் எல்லாம் அப்பகுதியின் பணிகள். பதினாறு வயதுப் பிள்ளை முன்பின் யோசிக்காமல் நடப்பதற்கு அவனுடைய பிடிவாதம் மட்டும் காரணமன்று. அவனது மூளையின் கடிவாளம் இன்னும் முழுமை பெறவில்லை.

இந்தக் கவாத்தை ஒழுங்குபடுத்துவதிலும் ஆனந்தமைடு அமைப்பு பங்கேற்கிறது. வெளியிலிருந்து வரும் டி.எச்.சி. அதில் குறுக்கிடுகிறது. ஐரோப்பிய நாடுகளில் 799 பதின்பருவத்தினரின் மூளையை 14 வயதிலும் 19 வயதிலும் படமெடுத்து ஒப்பிட்ட ஆய்வு 2021இல் வெளியானது. இடைப்பட்ட காலத்தில் கஞ்சா பயன்படுத்தியவர்களின் முன்மூளைப் புறணி, பயன்படுத்தாதவர்களுடையதைக் காட்டிலும் விரைவாக மெலிந்திருந்தது. பயன்பாடு கூடக் கூட மெலிவும் கூடியிருந்தது. எலிகளிடம் செய்த சோதனைகளும் இதே திசையில் செல்கின்றன. இளம்பருவத்தில் டி.எச்.சி. போன்ற பொருள்கள் செலுத்தப்பட்ட எலிகளிடம் நினைவுக் குறைவும் சக எலிகளிடமிருந்து விலகும் போக்கும் வளர்ந்த பின்னும் நீடித்தன. முதிர்ந்த எலிகளிடம் அத்தகைய நீடித்த மாற்றம் மிகக் குறைவு.

படிப்பும் நினைவாற்றலும்

நியூசிலாந்தின் டனிடின் நகரில் 1972–73இல் பிறந்த 1,037 பேரைப் பிறப்பு முதல் இன்றுவரை ஆய்வாளர்கள் தொடர்ந்து வருகின்றனர். பதின்பருவத்தில் கஞ்சாவைத் தொடங்கி நீண்டகாலம் அதற்கு அடிமையாக இருந்தவர்களின் நுண்ணறிவு ஈவு, 13 வயதுக்கும் 38 வயதுக்கும் இடையே ஏறத்தாழ 8 புள்ளிகள் குறைந்ததாக 2012இல் அவர்கள் தெரிவித்தனர். வளர்ந்த பிறகு தொடங்கியவர்களிடம் அத்தகைய சரிவு காணப்படவில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அமெரிக்காவில் இரட்டையர்களை ஒப்பிட்டு 2016இல் வெளியான ஆய்வில், கஞ்சா பயன்படுத்திய இரட்டையரின் அறிவுத்திறன், பயன்படுத்தாத உடன்பிறப்பைவிடக் கூடுதலாகச் சரியவில்லை. அதாவது, சரிவில் ஒரு பங்கு கஞ்சாவுக்கு முன்பே இருந்த குடும்பச் சூழல், பள்ளி இடைநிற்றல், மனத்துயர் முதலியவற்றால் வந்திருக்கலாம். பெற்றோருக்கு இதில் பயனுள்ள பாடம் உண்டு. பிள்ளை கஞ்சாவை நாடுவதற்கு முன்பே ஏதோ ஒரு துன்பம் அவனிடம் இருந்திருக்கக்கூடும். பொட்டலத்தைப் பிடுங்கி எறிவதோடு, அந்தத் துன்பத்தையும் தேடிக் கண்டறிய வேண்டும்.

அன்றாடக் கற்றலைப் பொறுத்தவரை ஐயத்துக்கு இடமில்லை. புதியதைப் பதியவைக்கும் மூளைப் பகுதியில் இந்த ஏற்பிகள் செறிந்துள்ளன. கஞ்சாவின் தாக்கத்தில் இருக்கும்போது கேட்ட பாடம் மனத்தில் நிற்பதில்லை. நாள்தோறும் புகைக்கும் மாணவன் நாள்தோறும் ஒரு பாடத்தை இழக்கிறான். பஞ்சிங் மெஷின் முன்னே நிற்கும் பயிற்சித் தொழிலாளிக்கு அது விரலையும் கையையும் இழக்கும் ஆபத்தாக மாறும்.

மனச்சிதைவு நோயும் கஞ்சாவும்

குடும்பங்கள் மிகவும் கவனிக்க வேண்டிய பகுதி இது. சுவீடனில் கட்டாய ராணுவச் சேவைக்கு வந்த 45,570 இளைஞர்களைப் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வு 1987இல் வெளியானது. 18 வயதளவில் ஐம்பது முறைக்குமேல் கஞ்சா பயன்படுத்தியிருந்தவர்களுக்குப் பின்னாளில் மனச்சிதைவு நோய் வரும் வாய்ப்பு, பயன்படுத்தாதவர்களைப் போல் ஆறு மடங்காக இருந்தது. டனிடின் ஆய்வில், 15 வயதுக்குள் கஞ்சாவைத் தொடங்கியவர்களுள் பத்தில் ஒருவர் 26 வயதுக்குள் மனச்சிதைவை ஒத்த நிலையை அடைந்தார். மற்றவர்களுள் அது நூற்றில் மூவராக இருந்தது. ஐரோப்பாவிலும் பிரேசிலிலும் நடந்து 2019இல் வெளியான ஆய்வு, நாள்தோறும் பயன்படுத்துவோருக்கு இந்த ஆபத்து மூன்று மடங்கு என்றும், வீரியம் மிகுந்த கஞ்சாவை நாள்தோறும் பயன்படுத்துவோருக்கு ஏறத்தாழ ஐந்து மடங்கு என்றும் காட்டியது.

பயன்படுத்துவோர் அனைவருக்கும் இந்நோய் வருவதில்லை, பெரும்பாலோருக்கு வராது. ஆனால் யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்லும் சோதனை எதுவும் இல்லை. பெற்றோர், உடன்பிறந்தோர், தாய்மாமன், அத்தை போன்ற நெருங்கிய இரத்த உறவில் மனச்சிதைவு நோய் இருந்தால், அவ்வீட்டுப் பிள்ளை கஞ்சாவை அறவே தொடக்கூடாது. இதைப் பிள்ளைகளுக்கு வெளிப்படையாகச் சொல்லுங்கள். சித்தப்பாவுக்கு "காற்றுச் சேட்டை" என்று மூடி மறைப்பதால், பிள்ளை தன் ஆபத்தை அறியாமலேயே போகிறான்.

வாசகர் மனத்தில் எழக்கூடிய வினாக்கள்

"கஞ்சா மூலிகைதானே? சித்த மருத்துவத்திலும் உண்டே?"

உண்டு. ஆனால் சித்த மருத்துவம் கஞ்சாவை நஞ்சு வகையில் வைத்து, சுத்தி செய்த பின்னரே, பிற மருந்துகளோடு அளவறிந்து சேர்க்கிறது. மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் விதிகளின் நச்சு மூலிகைப் பட்டியலிலும் அது இடம்பெற்றுள்ளது. மருத்துவர் அறையில் அளந்து தருவதும், தெருமுனையில் பொட்டலமாக வாங்குவதும் ஒன்றாகா.

"முன்னோர் காலத்திலும் இருந்ததே?"

ஆங்கிலேயர் ஆட்சியில் 1893–94இல் இந்தியக் கஞ்சா ஆணையம் இதை விரிவாக ஆராய்ந்து, மிதமான பயன்பாட்டால் பெருந்தீங்கு இல்லை என்று முடிவுகூறியது. வளரும் மூளையைப் பற்றிய அறிவு அந்நாளில் உலகில் எங்குமே இல்லை. மேலும், பொருளும் மாறிவிட்டது. அமெரிக்காவில் பறிமுதலான கஞ்சாவில் டி.எச்.சி.யின் அளவு 1995இல் சுமார் 4 விழுக்காடாக இருந்து, 2014இல் சுமார் 12 விழுக்காடாக உயர்ந்தது.

"வலிப்பு நோய்க் குழந்தைகளுக்கே கஞ்சா மருந்து தருகிறார்களாமே?"

அது கன்னாபிடயால் என்னும் வேறொரு பொருள்; போதை தராதது. சில அரிய வகை வலிப்பு நோய்களுக்கு, தூய்மைப்படுத்தப்பட்ட நிலையில், மருத்துவக் கண்காணிப்பில் தரப்படுகிறது. டி.எச்.சி. நிறைந்த தெருக் கஞ்சாவுக்கு அது சான்றாகாது.

"இதற்கு அடிமையாக மாட்டார்கள் என்கிறார்களே?"

ஒருமுறையேனும் பயன்படுத்தியவர்களுள் ஏறத்தாழ பதினொருவரில் ஒருவரும், பதின்பருவத்தில் தொடங்கியவர்களுள் ஆறுவரில் ஒருவரும் அடிமை நிலையை அடைகின்றனர். இங்கும் வயதே வேறுபாட்டை உண்டாக்குகிறது.

கவனிக்க வேண்டிய அடையாளங்கள்

கீழ்க்காண்பவற்றுள் ஒன்று மட்டும் இருந்தால் அது வேறு காரணத்தாலும் இருக்கலாம். பல ஒன்றுசேர்ந்து, சில வாரங்களுக்குள் தோன்றினால் மருத்துவரை அணுகுங்கள்.

• சிவந்த கண்கள், அடிக்கடி கண் சொட்டு மருந்து பயன்படுத்துதல், உடையில் புதிய வாடை
• இரவில் உறங்காமலும் பகலில் எழாமலும் இருத்தல், திடீரென்று மிகுபசி
• விளையாட்டு, நட்பு, விருப்பங்கள் அனைத்திலும் நாட்டமின்மை
• மதிப்பெண் சரிவு, வேலைக்கு மட்டம் போடுதல், பணம் காணாமற்போதல்
• மீண்டும் மீண்டும் வாந்தி; வெந்நீரில் நெடுநேரம் குளித்தால் மட்டும் அது தணிதல்

பின்வருபவை தோன்றினால் அன்றே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்: யாரோ தன்னைப் பின்தொடர்வதாகவோ உணவில் ஏதோ கலப்பதாகவோ ஐயுறுதல், காதில் குரல் கேட்பதாகக் கூறுதல், தனக்குத்தானே பேசிச் சிரித்தல், உயிரை மாய்த்துக்கொள்வதாகப் பேசுதல்.

பிள்ளையிடம் பேசும் முறை

பொட்டலத்தைக் கண்ட அந்த நொடியில் பேசாதீர்கள். போதையில் இருக்கும்போதும் பேசாதீர்கள். மறுநாள், உறவினர் யாரும் இல்லாத வேளையில், தந்தையோ தாயோ ஒருவர் மட்டும் அமர்ந்து தொடங்குங்கள். "குடும்ப மானத்தை வாங்கிவிட்டாயே" என்று தொடங்கிய உரையாடல் அங்கேயே முடிந்துவிடும். "தம்பி, கொஞ்ச நாளா நீ சரியா தூங்குறதில்லை, எங்ககிட்ட பேசுறதும் இல்லை. எனக்குக் கவலையா இருக்குப்பா. என்ன நடக்குதுன்னு சொல்லு, நான் கேட்டுக்கிறேன்" என்று நீங்கள் கண்டதை மட்டும் சொல்லித் தொடங்கினால், அவன் பதில் சொல்ல இடம் கிடைக்கும்.

எப்போது தொடங்கியது, எவ்வளவு, எவருடன், எதற்காக என்று அறிய முயலுங்கள். உறக்கமின்மைக்காகவா, நண்பர்களின் வற்புறுத்தலாலா, இரவு ஷிப்டின் களைப்பாலா, காதல் முறிவாலா என்பதைப் பொறுத்துச் சிகிச்சையின் போக்கு மாறும். அடித்தல், அறையில் பூட்டுதல், உடனடியாகத் திருமணம் செய்துவைத்தல் ஆகியவை மருந்தாகா. அவசரத் திருமணம் மற்றொரு குடும்பத்தையும் துயரத்தில் ஆழ்த்தும்.

சிகிச்சையும் மீட்சியும்

கஞ்சாவை நிறுத்தியதும் எரிச்சல், உறக்கமின்மை, பசியின்மை, கொடுங்கனவுகள் தோன்றும். முதல் ஓரிரு நாள்களில் தொடங்கி, முதல் வாரத்தில் உச்சமடைந்து, பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரங்களில் தணியும். இந்த நாள்களில் பிள்ளை எரிந்து விழுந்தால், "திருந்தவே மாட்டான்" என்று முடிவு செய்துவிடாதீர்கள். அது உடல் விடுபடும் போராட்டம். உறக்கத்துக்கும் பதற்றத்துக்கும் குறுகிய காலம் மருந்து தரலாம். ஆனால் கஞ்சாவுக்கென்றே உள்ள தனி மாற்று மருந்து எதுவும் இல்லை. ரகசியமாக உணவில் கலந்து தரச் சொல்லி விற்கப்படும் பொடிகளை வாங்கி ஏமாறாதீர்கள். மனநல ஆலோசனையும், ஆசை எழும் தருணங்களைக் கையாளும் பயிற்சியும், குடும்ப ஆலோசனையுமே அடிப்படைச் சிகிச்சை. மனச்சிதைவின் அறிகுறிகள் இருந்தால் அதற்குரிய மருந்துகளை மருத்துவர் கூறும் காலம்வரை நிறுத்தாமல் தர வேண்டும்.

"கெட்டுப்போன மூளை திரும்புமா?" என்று கண்ணீரோடு கேட்கும் தாய்மாருக்கு ஆய்வுகள் நம்பிக்கை தருகின்றன. 16 முதல் 25 வயது வரையிலான 88 பேரைக் கொண்டு பாஸ்டன் நகர ஆய்வாளர்கள் செய்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு மாதம் கஞ்சாவை நிறுத்தியவர்களுக்குப் புதியதைக் கற்று நினைவில் வைக்கும் திறன் மேம்பட்டது. அந்த மேம்பாட்டின் பெரும்பகுதி முதல் வாரத்திலேயே தெரிந்தது. நிறுத்தாதவர்களிடம் அது காணப்படவில்லை. வளரும் மூளை எளிதில் பாதிக்கப்படுவதுபோல், மீளும் ஆற்றலும் மிகுதியாக உடையது. ஒருமுறை நிறுத்தி மீண்டும் தொடங்கிவிட்டாலும் முயற்சி வீணாகவில்லை. நிறுத்தியிருந்த ஒவ்வொரு வாரமும் மூளைக்குக் கிடைத்த ஓய்வே.

"காவல்துறைக்குத் தெரிந்துவிடுமோ?"

பல குடும்பங்களை மருத்துவமனை வாசலிலிருந்து திருப்பி அனுப்புவது இந்த அச்சமே. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு இதற்கு விடை தருகிறது. போதைக்கு அடிமையானவர், நுகர்ந்த குற்றத்துக்கோ சிறு அளவு வைத்திருந்த குற்றத்துக்கோ உள்ளாகியிருந்தாலும், தாமாக முன்வந்து அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த மருத்துவமனையில் சிகிச்சை பெற்றால், அக்குற்றத்துக்காக அவர்மீது வழக்குத் தொடரப்படாது. சிகிச்சையை இடையில் கைவிட்டால் இந்த விலக்கு திரும்பப் பெறப்படலாம். எனவே முழுமையாகச் சிகிச்சை பெறுவது உடலுக்கும் நல்லது, சட்டப்படியும் நல்லது. நோயாளியின் விவரங்களைக் காக்க வேண்டிய கடமையை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மருத்துவர்மீது சுமத்துகிறது. சிறுவருக்குப் போதைப்பொருள் கொடுத்தவருக்கோ, 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டப்படி ஏழாண்டுகள்வரை கடுங்காவல் உண்டு. சட்டத்தின் கடுமை விற்பவன் பக்கம் திரும்பியுள்ளது. சிகிச்சைக்கு வரும் பிள்ளைக்கு அது வழிவிட்டே நிற்கிறது.

உதவி எங்கே கிடைக்கும்?

• 14416: டெலி மானஸ், மனநல உதவி எண். கட்டணமில்லை; நாள் முழுவதும் இயங்கும். தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி உள்ளிட்ட 20 மொழிகளில் பேசலாம்.
• 14446: போதை மீட்புக்கான தேசிய உதவி எண்.
• 104: தமிழக அரசின் மருத்துவ ஆலோசனை எண்.
• 108: அவசர ஊர்தி.
• மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கிறது.
• பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் போதை மருத்துவத்துக்கெனத் தனி மையம் உள்ளது. அம்மருத்துவமனை அமைந்திருப்பது ஓசூர் சாலையிலேயே. நம் பகுதியிலிருந்து ஒரே நெடுஞ்சாலைப் பயணம்.

பெற்றோரே, உங்கள் பிள்ளை இதுவரை தொடவில்லை என்றால், ஒவ்வோர் ஆண்டாகத் தள்ளிப்போட உதவுங்கள். பதினைந்தில் தொடங்குவதற்கும் இருபத்தைந்து வரை தொடாமலேயே இருப்பதற்கும் இடையே பெரும் வேறுபாடு உண்டு. தொடங்கிவிட்டான் என்றால், எவ்வளவு முன்னதாக அழைத்து வருகிறீர்களோ அவ்வளவுக்கு மீட்சி எளிது. பிள்ளை வர மறுத்தால், நீங்கள் மட்டுமாவது முதலில் வாருங்கள். சிகிச்சை பெற்றோரிடமிருந்தும் தொடங்கலாம்.